அரைப்பேர்

விழுந்த சோதனை
இதுவரை நின்றதே இல்லை.
சிவப்பாய் ஒரு வரி,
கண் இமைக்குமுன் ஜன்னல் மூடிக்கொள்ளும்,
தரவைத் துடைத்துவிட்டு அடுத்தது ஓடும்.
விடிந்ததும் எனக்கு மிஞ்சுவது
இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று தவறியது
என்ற கணக்கு மட்டும்.

கொட்டகலையில், கோழிக்கடைக்கு மேலே என் அறை.
தோட்டங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் செயலி.
எழுதுகிறவர்கள் கொழும்பில் நாலு பேர்,
விழுத்திப் பார்ப்பவள் நான்.

நூற்று நாற்பத்தியோராவது சோதனையில்
ஒருத்தி இருக்கிறாள். நான் உண்டாக்கியவள்.
பெயரில்லாமல் படிவம் நகராதென்று
வாயில் வந்ததை இட்டேன்: பேச்சாயி.
இரவு இரண்டு மணிக்குப் பிறக்கிறாள்,
பதினெட்டுக் கிலோவைத் தராசில் வைக்கிறாள்.
முழுப்பேர் விழ வேண்டும்.
அரைப்பேர் விழுகிறது.
நாலு விநாடியில் அவளே இல்லை.

பகலில், என் மடிக்கணினியில் ஓட்டினால்
ஒழுங்காகத் தேறுகிறாள்.
மூன்று வாரம் இப்படி.
நுஸ்லா சொன்னாள், சும்மா திரும்ப ஓட்டிவிடு,
சிலது அப்பிடித்தான்.

நேற்று ஒரு வரி சேர்த்தேன்.
தவறினால், நில்.
மூடாதே. துடைக்காதே. நான் வரும்வரை
அப்படியே வைத்திரு.

மூன்று மணிக்கு எழுந்து பார்த்தேன்.
தகரத்தில் மழை.
திரையில் அவள், நகராமல்,
சமர்ப்பி என்ற பொத்தானுக்குப் பக்கத்தில்.
இத்தனை நாள் அவளை ஓடவிட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.
கீழே இறங்கினேன், பெட்டி பெட்டியாக,
நிறை 18.0
வானிலை: மழை
அதற்கும் கீழே, நான் கேள்விப்படாத ஒரு பெட்டி,
ஈரக் கழிவு 2.0

என் கணினியில் வானிலையை
வெயில் என்று கட்டி வைத்தவளும் நான்தான்.

நுஸ்லாவை எழுப்பினேன்.
"அது பிழையில்ல. மழையெண்டா ரெண்டு கிலோ.
கம்பனிக்காரர் ஃபோன்ல சொன்னாங்க, எழுதினேன்."
எங்கேயும் குறிக்கவில்லையா?
"இல்ல."
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மழைச் சத்தம்.
"நீ சோதனைய மாத்து.
அரைப்பேர் வரும் எண்டு எதிர்பார்.
பச்சையாயிரும்."

பச்சையாகும். தெரியும்.
ஒரே ஒரு சொல்தான்.
விரலை வைத்தேன், எடுத்தேன்.
தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது.

ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போகிறவர்கள்
படங்கு கட்டி, தலையில் பொலித்தீன் போட்டு
கடை வெளிச்சத்தைக் கடந்தார்கள்.
ஒருத்தி நின்று
செருப்பிலிருந்து அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு நடந்தாள்.

ஆறு மணிக்கு மேலாளர்.
ஏன் எல்லாம் நின்றுகிடக்கிறது?
பின்னால் எழுபத்தொன்று வரிசையில்,
சேவையகத்துக்கு மணிக்கணக்கில் காசு.

தொடர் என்ற பொத்தான்
திரையின் மூலையில் விட்டுவிட்டு மினுங்குகிறது.

ஒருத்தி நிற்கிறாள் சார், என்றேன்.
நிறுவையில் ஒரு சிக்கல்.
நீங்களும் வந்து பாருங்கள்,
இன்னும் மூடவில்லை.