லைட் பாக்ஸ்

ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?
சேர்ந்த அன்றே எழுதியிருக்கிறேன்,
மெர்ச்சண்டைசிங் மேனேஜர் என்று,
பேனா கிழிய அழுத்தி.

மூன்றாவது அப்ரைசல்.
பழைய தாளைப் பின் குத்திக் கொடுத்தாள் ஷோபனா:
"மாத்தம் இல்லீன்னா டிக் அடிச்சுருங்க, போதும்."

தாளோடு லேபுக்கு வந்துவிட்டேன்.
பெருமாநல்லூர் டையிங்கிலிருந்து
நான்காம் தடவையாக அந்த மஞ்சள்.
கடை வெளிச்சத்தில் பையர் கேட்டதேதான்.
நவநீதன் சுவிட்சைத் தட்டினான்.
பகல் வெளிச்சத்தில்
ஓரமாய் ஒரு பச்சை எட்டிப் பார்த்தது.
"இதும் போச்சுங்க."
பதினெட்டாம் தேதி தூத்துக்குடியில் கப்பல்.

அவன் துணியை எடுத்ததும்
என் தாளை உள்ளே வைத்தேன்.
சிரித்தான். சிரிக்கட்டும்.
அன்றைக்கு இன்டர்வியூ ரூமில்
என்ன விளக்கு எரிந்ததோ.
எழுத்து என்னுடையதுதான்,
பொய்யுமில்லை.

கல்விக் கடனில் இன்னும் பதினான்கு தவணை.
மேலே என் மேஜையில்
போன் அடித்து ஓய்ந்து
மறுபடி அடிக்கிறது.

"நீலம் எத்தனை பாயிண்ட் குறைக்கோணும்,
எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

இத்தனை நாளில் அவனை
யாரும் கேட்டதில்லை போல.
பீக்கர்களை ஒதுக்கி
ஸ்டூலை என் பக்கம் தள்ளினான்.
உட்கார்ந்தேன்,
கட்டம் காலியாகவே
வெளிச்சத்தில் கிடக்க.