நத்தை, தூண்டில், முழங்கை

சீனன்குடா மா மில்லுக்குக் கோதுமை ஏற்றி வந்த கப்பலில்
சமையற்காரன் ஒருவனிடம் இருந்த பெட்டி.
மஸாஹிராவின் சாச்சா, இழுவைப் படகில் வேலை,
இரண்டு கிலோ அறக்குளாக் கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார்.
ஒரு மெஷின், ஒரு கைப்பிடி, ஒரேயொரு கேசட்.
ஒட்டியிருந்த படம் பாதி கிழிந்து
விளக்கேந்திய கை மட்டும் மிச்சம்.
யாருடைய கை என்று
இன்றுவரை தெரியாது.

ஜப்பான் எழுத்து.
எங்களுக்கு எழுத்தே இல்லை அது, சாமான்கள்.
வீரனுக்குப் பெயர் கேட்டபோது
நத்தை, தூண்டில், முழங்கை
மூன்றையும் அமத்தினோம்.
பெயர் வைத்தாயிற்று.

காயம் ஆற்றும் மந்திரத்தின் முதலெழுத்து
மஸாஹிராவுக்கு வெள்ளரிக்காயாகத் தெரிந்தது.
எனக்குத் தெரியவில்லை.
ஆனாலும் வெள்ளரிக்காய் என்றே சொன்னேன்,
மெஷின் அவளுடையது.
குளித்தெழும்பினால் உயிர் நிரம்பும் சத்திரத்துக்குக் கன்னியா என்று பெயர்.
கிணற்றடியில் நின்ற பெண்
வடக்கே போகாதே, ஊரடங்கு என்றாள்.
அப்படித்தான் சொல்லியிருப்பாள்,
அந்த வருஷம் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஒருநாள் கேசட்டைப் பையில் வைத்துக்கொண்டு
ஏகாம்பரம் வீதியால் வந்தேன்.
சென்ரிக்காரன் மறித்தான்.
“மே மொகத்த?”
எனக்குச் சிங்களம் இருபது சொல்,
விளையாட்டு அதில் ஒன்றில்லை.
திருப்பிப் பார்த்தான். காதருகே குலுக்கிப் பார்த்தான்.
உள்ளே ஒரு சின்னப் பற்றரி இருப்பது
எனக்கு அப்போதுதான் ஞாபகம் வரவேண்டும்.
அவன் கேசட்டை வாய்க்குக் கொண்டுபோய்
பித்தளைப் பல்வரிசையில்
இடமிருந்து வலமாய் ஒரே மூச்சில் ஊதினான்,
தூசி போக நாங்கள் ஊதுவது மாதிரியே.
பிறகு தந்தான்.
அவனும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

மூன்றாம் ஊர் ஒரு துறைமுகம்.
அதற்கு அப்பால் எங்களால் போக முடியவில்லை.
தோணிக்காரன் ஒரு வரி கேட்பான்.
கீழே இரண்டு சொல். அம்புக்குறி மேற்சொல்லில் துடிக்கும்.
மேலதை அமத்துவோம்.
தலையாட்டுவான். ஒன்றும் நடக்காது.
கரண்ட் போகும், வரும்.
திரும்பிப் போய் ஆமைகளைக் கொன்று, காசு சேர்த்து,
புது வாள் வாங்கி, கன்னியாவில் குளித்து,
மறுபடி அவன் முன்னால் நிற்போம்.
இரண்டு வருஷம்.
கீழ்ச்சொல்லைத் தொட்டால்
சேர்த்ததெல்லாம் அழிந்துபோகும் என்று
மஸாஹிராவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

போன கிழமை அவளுடைய உம்மா
“கழிக்கப் போறன், வேணுமெண்டா எடு” என்று பெட்டியைத் தந்தார்.
உப்புவெளியில் ஒரு விடுதிக் களஞ்சியத்திலிருந்து
குண்டு டீவி ஒன்று இரவல் வாங்கினேன்.
காணிக் கந்தோர் முடிந்து வந்து, வயர் பூட்டி, ஊதி,
செருகினேன்.
பற்றரி சாகவில்லை.
துறைமுகத்தில், தோணிக்காரனுக்கு முன்னால்,
நாங்கள் விட்ட இடத்திலேயே நின்றான் எங்கள் ஆள்.

போனைத் திரைக்கு நேரே பிடிக்க
எழுத்தெல்லாம் தட்டுத் தடுமாறித் தமிழாயிற்று.
பெயர் நோஷிகு.
அப்படியொரு சொல் அவர்கள் மொழியிலும் இல்லையாம்.
கிணற்றடிப் பெண் சொன்னது: ‘முள்ளங்கி இன்று மலிவாகும்.’
வெள்ளரிக்காய் போனுக்கும் பிடிபடவில்லை.
தோணிக்காரன்:
‘படகு வரும்வரை காத்திருக்கிறாயா?’
மேலே, ஆம்.
கீழே, இல்லை.

எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.
இரண்டு வருஷமாய் ஆம் ஆம் என்றிருக்கிறோம்.
அவனும் சரியென்று தலையாட்டி
எங்களைக் காக்க வைத்திருக்கிறான்.
அவனில் என்ன பிழை?

படமெடுத்துத் தோஹாவுக்கு அனுப்பினேன்.
நீலக் கோடு இரண்டு விழுந்தது.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.
“வெள்ளரிக்கா எத்தின மிச்சம் கிடக்கு?”

பார்த்தேன். மூன்று.

“காணாது. கன்னியாவுக்குப் போயிட்டு வா.
மறுகா அமத்து.”

நத்தை, தூண்டில், முழங்கை
வந்த வழியே திரும்பி நடந்தான்,
ஆமைகளுக்குள்ளால்,
சாமம் ரெண்டு மணிக்கு,
குளிக்க.