நாற்பத்தொன்று

டூபிங்கனில் ஜனவரி. நெக்கர் மேல் மூடுபனி.
மைனஸ் எண்பது பெட்டியைத் திறந்தால்
அதைவிடக் குளிர்ந்த புகை.

குப்பிகளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்.
பதினேழு நான்.

எல்லார் குடலிலும் அதே பாக்டீரியா,
அதே லத்தீன் பெயர்.
எழுத்தெழுத்தாய்ப் படித்தால் ஆளுக்கொரு ரகம்.
நூற்றுக்கு ஓரெழுத்து பிசகும்;
சிலதில் ஒரு பத்தியே இருக்காது.
"ஒரே இனம் என்பது சோம்பலில் வைத்த பேர்"
என்பாள் அன்னெக்ரெட்,
காப்பியில் பிரெட்ஸலை நனைத்தபடி.

நேற்றிரவு வரைபடத்தில்
பதினேழின் கிளையிலேயே நாற்பத்தொன்று.
முந்நூறு பேரில் வேறெவருக்கும் இல்லாத பிசகு
இரண்டிலும் அதே இடத்தில்.
போன மாதம் வாங்கிய மாதிரிகள் இவை.

நாற்பத்தொன்று யாரென்று பார்க்கக் கூடாது.
பார்க்கவில்லை.
ஆனால் ஆறு வருடம் முன்பு
என்னோடு வந்து கையெழுத்துப் போட்டவன்
ஹென்னிங் ஒருவன்தான்.

பிரிந்தபோது வக்கீல் பட்டியல் போட்டார்:
சைக்கிள், குக்கர், கிழக்கு ஜன்னலோரச் செடிகள்,
பாதி வைப்புத்தொகை.
இது விட்டுப்போயிருக்கிறது.

மணி ஒன்பது. பசிக்கிறது,
எனக்கோ, உள்ளே இருப்பவற்றுக்கோ.
தயிர் டப்பாவைத் திறந்து
நின்றபடியே சாப்பிடுகிறேன்.