பெருவிரல்

வஃப்ராவில், வெள்ளரிக் கொட்டகைக்குப் பின்னால்
எழுபத்தெட்டாம் வருஷத்து மாஸி டிராக்டர்.
விடிகாலையில் அதற்கு டீசல் ஊட்டிவிட வேண்டும்.
லிஃப்ட் பம்பின் நாக்கைப் பெருவிரலால் அழுத்தி அழுத்தி,
ஸ்க்ரூவைத் தளர்த்தினால் நுரை.
நுரை தீர்ந்து தெளிவாய் வழியும்வரை
நூறோ, நூற்றிருபதோ.

அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில்
மெஷின் மூன்று தடவை சிவந்தது.
விரல் இருக்கிறது, ரேகை இல்லை என்றாள்
கவுண்டரில் இருந்தவள், சிரிக்காமல்.
அடுத்த மாதம் வா.

ஃபத்ஹியிடம் நான் சொன்னது வேறு:
டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு முதீர்,
ஆயிலில் டீசல் இறங்குது,
இஞ்சின் போயிடும்.
பொய்யில்லை. பாதி.
டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்துவிட்டு
ஒன்பது தீனார் எண்ணிக் கொடுத்தான்.

ஷுவைக்கில் வாங்கின பன்னிரண்டு வோல்ட் பம்ப்,
ஃபில்டருக்கு முன்னால் இரண்டு கிளாம்ப்,
ஒரு ஃப்யூஸ், சாவியிலிருந்து சிவப்பு ஒயர்.
பழைய பம்பைக் கழற்றி
அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன்.

சாவி திருப்பினால்
டிக் டிக் டிக் டிக்,
குஞ்சு உள்ளிருந்து ஓட்டைக் கொத்துகிற மாதிரி.
பிறகு கிழம் ஒரே இருமலில் எழுந்துகொள்கிறது.

சீட்டில் உட்கார்ந்து
பெருவிரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன்.
இருபத்திரண்டு நாள் இருக்கிறது,
தோல் முளைக்க.