எக்ஸ்ரேயில் ஐந்து

சௌனாவின் முன்னறையில்
ரைமோ ஆணியடித்துச் செய்த பெட்டியை
ஹல்லா ஒருமுறை முகர்ந்தாள்.
போய்க் கட்டிலடியில்
அவனுடைய மீன்பிடிக் கோட்டின்மேல் படுத்துக்கொண்டாள்.

அவள் சூடு முப்பத்தாறரைக்கு இறங்கிவிட்டது.
வெளியே முப்பது, பூஜ்யத்துக்குக் கீழே.
இவாலோவில் இருக்கும் மருத்துவர்
போனில் வெறும் குரல்.

ஒன்று. சிவப்பு நூல். முந்நூற்றிருபது கிராம்.
இரண்டு. பச்சை.
மூன்றை எழுதுவதற்குள் நான்கு.

ஐந்தாவது அசையவில்லை.
துண்டால் தேய்த்தான், தேய்த்தான்.
பெற்ற மகளைக்கூட இவ்வளவு நேரம்
கையில் வைத்திருந்ததில்லை.
ஹல்லா எட்டி
அவன் விரல்களையும் சேர்த்து நக்கினாள்.

தும்மல்போல் ஏதோ.
பிறகு கீச்சென்று.

"அவ்வளவுதான், ஐந்தும் ஆச்சு" என்றான் போனில்.
அவளோ மறுபடி முக்குகிறாள்.

நூல் தீர்ந்துவிட்டது.
தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி
ஓரத்தைப் பிரிக்கத் தொடங்கினான்.