வயிற்றில் இரண்டு

சாலமன்சாவில் படகுகள் கரையேறும்போது
நான் தராசோடு நிற்பேன்.
அடெரித்தோ முதலில் திட்டுவார், பிறகு மீனைத் தருவார்.
இதுவரை அந்த வரிசை மாறியதில்லை.

இந்தத் தீவில் அதற்குச் செர்ரா என்று பெயர். ரம்பம்.
வாயைப் பார்த்து வைத்தது:
ஒன்றையொன்று உரசி நிற்கும் முக்கோணப் பற்கள்,
மேல்தாடையும் அசையும், கீழ்த்தாடையும் அசையும்.
போன மாதம் என் ரப்பர் கையுறையைக் கிழித்தது,
செத்து இரண்டு மணி நேரம் கழித்து.
வாடகைப் படகில் வரும் தூண்டில்காரர்கள்
வாகூ என்கிறார்கள்,
யாரோ குதூகலத்தில் கத்தியதைப்போல.
படிவத்தில் நான் எழுதுவது
அகாந்தோசைபியம் சொலாண்ட்ரி.
முன்பெயரில் ஒரு முள் இருக்கிறது.
பின்பெயரில் கப்பலேறி உலகம் சுற்றிய ஒரு சுவீடன்காரன்;
அவன் குறிப்பெழுதிவிட்டுச் செத்தான்,
பெயர் வைத்தது வேறொருவர்.

சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் உறவு.
ஆனால் தன் பேரினத்தில்
தனி ஆள். அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலி.
பசிபிக்கில் பிடித்ததையும் இங்கே பிடித்ததையும்
மரபணு மரபணுவாக வைத்துப் பார்த்தவர்கள்
கையை விரித்துவிட்டார்கள்.
எந்தக் கடல் உன் கடல் என்று கேட்டால்
அதற்குச் சொல்லத் தெரியாது.

செவுளில் சீப்பு கிடையாது,
வடிகட்டித் தின்னும் பொறுமையும் கிடையாது.
பக்கவாட்டுக் கோடு முதுகுத் துடுப்பின் நடுவே
சட்டென்று கீழே இறங்கும்,
படிக்கட்டில் கால் தவறியதைப்போல.
முதல் வயதிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்.
காதுக்கல்லை அறுத்தால் உள்ளே வளையங்கள்,
எண்ண அதிக நேரம் ஆகாது. மூன்று. நான்கு.
உயிரோடு இருக்கும்போது உடம்பில் பட்டைகள் எரியுமாம்;
என் மேசைக்கு வருவது சாம்பல்.
அடெரித்தோ பார்த்திருக்கிறார்.
எப்படி என்று கேட்டால் "நீலம்" என்பார்,
அதோடு கத்தியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

இருநூற்றுப் பதினோரு வயிறு திறந்திருக்கிறேன்.
உள்ளே இருப்பது நாளுக்கு நாள் வேறு:
பறவைக்கோலா, கணவாயின் அலகு,
ஒருமுறை ஒரு தண்ணீர்ப் போத்தல் மூடி.
மாறாதது அந்த இரண்டு புழு.
ஈரல் நிறம், கட்டைவிரல் பருமன்,
வயிற்றுச் சுவரை உறிஞ்சிப் பிடித்தபடி
அருகருகே.
"புருஷன் பெண்சாதி," என்றார் அடெரித்தோ, முதல் நாள்.
நான் படித்ததைச் சொன்னேன்:
ஒவ்வொன்றுக்குள்ளும் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.
கொஞ்ச நேரம் அலையைப் பார்த்தார்.
"அப்புறம் எதற்கு இரண்டு?"
எனக்குத் தெரியாது. தெரிந்தவர் யாரையும்
நான் சந்தித்ததில்லை.

இன்று இருநூற்றுப் பன்னிரண்டாவது.
ஒரு மீட்டர் நாற்பத்தேழு. பெண். சினை பழுத்தது.
வயிற்றில் பறவைக்கோலாவின் பின்பாதி,
ஒரு புழு.

மடிப்பை விரித்தேன். கழுவினேன். மறுபடி விரித்தேன்.
அடெரித்தோ விளக்கைப் பிடித்தார், திட்டாமல்.
அடுத்த படகு வந்துவிட்டது,
துல்சா தலையில் பேசினோடு விலை கேட்டு நிற்கிறாள்,
நாங்கள் இரண்டு பேரும் ஒரு மீனுக்குள்
ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

புழுவின் பக்கத்தில் ஒரு வட்டத் தழும்பு.
நேற்றையதா, போன வருடத்ததா,
தசையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"எண்ணிக்கை" என்ற கட்டத்தில் 1 என்று எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
என் கையிலிருந்து பென்சிலை வாங்கி
ஒன்றுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில்,
கவனமாக ஒரு சிறு வட்டம் போட்டார்.

மிந்தேலோ அலுவலகத்தில்
இதைப் பத்து என்று வாசிப்பார்கள்.
அழிப்பான் என் பையில்தான் இருக்கிறது.
துல்சா இன்னும் விலை கேட்கிறாள்.