பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு

எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி நகர்ந்து
மூன்று மணி நேரமாகிறது.
முன்னால் நிற்கும் பெட்டியின் முதுகில்
துருவுக்கு மேல் வெள்ளைப் பெயிண்ட்: 999983.
கட்டத்துக்குள் தனியே நிற்கும் ஏழாவது இலக்கத்தை
நான் சேர்க்கவில்லை.
அது சரிபார்க்க வந்த ஆள்.

டீசல் பில்லின் பின்பக்கம் வகுக்கத் தொடங்கினேன்.
ஏழுக்கு மீதி ஐந்து.
பதினொன்றுக்கு ஆறு.
பதின்மூன்றுக்குப் பத்து.
டீயோடு வந்த கிளீனர் மஸ்தான்
"யாருக்குண்ணா கடன்?" என்றான்.

எண்பத்து மூன்றில் உடையப் பார்த்தது,
ஒன்றே ஒன்று குறைந்தது.
இருநூற்று ஐம்பத்தொன்றிலும் அதே ஒன்று.
ஆயிரம் வரை போனால் போதும்,
அதற்குள் வகுத்துப் பார்க்க வேண்டியவை நூற்று அறுபத்தெட்டு.
வண்டி நகர்ந்தது நான்கு முறை.

விடியுமுன்னே காசிமேட்டில் ஏலம்.
சங்கராவைக் கூறு கட்டும் சத்தம்
டீசல் புகைக்குள் கேட்டது.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழையும் போட்டுப் பார்த்தேன்.
எட்டு குறைந்தது.
அவ்வளவுதான், இனி எதுவும் இல்லை.

கூறு போட முடியாதது
பிரேக் விளக்கு சிவக்க
ஜீரோ கேட்டுக்குள் போனது.
உள்ளே என்ன சரக்கோ.

இறங்கி என் பெட்டியைப் பார்த்தேன்.
ஆறாவது இலக்கம் நான்கு.
விடிய விடிய எட்டிப் பார்த்த மஸ்தான் சொன்னான்:
"நம்மளுது பாத்ததுமே பாதிண்ணா."